பினாங்கில் சிறிய புது வீடு: காற்றுக்கு எந்த ஏற்பாடு?

மின்சாரச் செலவு குறைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சிறிய வீடு கட்டுகிறவர்கள், கூரைச் சூட்டைத் தடுக்க எந்த ராக்வூல், ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி, சோலார் எத்தனை பலகை என்றெல்லாம் தூக்கம் கெட்டு யோசிக்கிறார்கள். காற்று என்று வந்ததும் இரண்டே பதில்தான் கிடைக்கிறது. வீடு கட்டும் குத்தகையாளர், "ஜன்னல் இருக்குதானே, அப்புறம் என்னாத்துக்குண்ணே இதெல்லாம்?" என்பார். கடைக்காரர் வீடு முழுக்கக் குழாய் ஓடும் ஓர் இயந்திரத்தின் படத்தை நீட்டுவார். இரண்டும் சில வீடுகளுக்குச் சரி. உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாமல் இரண்டில் எதையும் ஏற்க வேண்டாம்.

ஐரோப்பிய, அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் 'பாசிவ் ஹவுஸ்', அதாவது மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் வீடு, தொடங்கி, இறுக்கமாக மூடிய வீட்டுக்கு இயந்திரக் காற்று என்ற ஏற்பாடு குளிர் நாட்டில் வளர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்றில் ஈரம் குறைவு. அதை உள்ளே விட்டால் வீடு காயும். இங்கே வெளிக்காற்று வந்தால் வீடு நனையும். பினாங்கில் காற்றுக் கணக்கு போடுகிறவர் தண்ணீர்க் கணக்கைத்தான் போடுகிறார். கீழே வரும் எல்லாமே அதிலிருந்து பிறப்பவைதான்.

படி 1: வீட்டின் மணிக்கணக்கை எழுதுங்கள்

ஒரு தாளில் அறைகளின் பெயரை இடப்பக்கம் எழுதுங்கள். மேலே காலை ஆறு மணி தொடங்கி மறுநாள் ஆறு மணி வரை கட்டம் போடுங்கள். ஏர்கோன் ஓடி, கதவும் ஜன்னலும் மூடியிருக்கும் நேரத்தைக் கறுப்பாக்குங்கள். திறந்திருக்கும் நேரத்தை வெள்ளையாக விடுங்கள். ஆளே இல்லாத நேரத்துக்குக் குறுக்குக்கோடு.

இப்போது இருக்கும் வாழ்க்கையை எழுதுங்கள். புது வீட்டுக்குப் போனதும் வாழப்போவதாக நினைக்கும் வாழ்க்கையை அல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவர் பகல் பன்னிரண்டு மணிக்குத் திரையை இழுத்துவிட்டு ஏர்கோனில் தூங்குவார். அவருடைய தாளில் கறுப்பு பகலில் விழும். அம்மா அப்பா கூட இருக்கும் வீட்டில் முன்கதவு காலையில் திறந்தால் சாயங்காலம் விளக்கேற்றும் வரை திறந்தே இருக்கும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் தம்பதி என்றால் ஓர் அறை பகலிலும் கறுப்பாகும்.

தாள் முடிந்ததும் பார்த்தால் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் திறந்தே இருக்கும் வீடு. பகலில் திறந்து, தூங்கும் அறை மட்டும் மூடும் வீடு. நாள் முழுக்க மூடியே குளிரூட்டும் வீடு. நான் பார்த்த வரை வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் இரண்டாவது வகைதான் அதிகம். ஆனால் கடையில் விலைப்பட்டியல் நீட்டப்படுவது மூன்றாவது வகைக்கு.

படி 2: காற்றோடு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள்

இரவு 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு. நம் ஊரில் இது அபூர்வமல்ல. அந்தக் காற்று ஒரு கிலோவில் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். உள்ளே 25 டிகிரி, 60 விழுக்காடு என்று வைத்திருந்தால் 12 கிராம்தான் இருக்கும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்றை ஒரு சிறிய வீட்டுக்குள் விட்டால், அதோடு கூடுதலாக உள்ளே வரும் நீர் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நாள் முழுக்க ஓடினால் 24 லிட்டர். அதை ஏர்கோன் பிழிந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அது மெத்தையிலும் அலமாரியிலும் போய்த் தங்கும்.

நம்ப முடியவில்லை என்றால், இப்போது இருக்கும் வீட்டில் ஏர்கோனின் வடிகுழாய்க்கு அடியில் இரவு ஒரு வாளி வைத்துப் பாருங்கள். ஜன்னலை இறுக்கி மூடிய இரவிலும், ஒரு விரற்கடை திறந்து வைத்த இரவிலும் சேரும் தண்ணீரை அளந்தால் போதும், இந்தப் பத்தியையே படிக்க வேண்டியதில்லை.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். நம் வெளிக்காற்றிலுள்ள நீராவி ஏறக்குறைய 24, 25 டிகிரியிலுள்ள பரப்பைத் தொட்டாலே நீராகப் படியத் தொடங்கும். ஏர்கோனை 20-க்கு இறக்கி வைத்தால் சுவரும் அலமாரியின் முதுகும் அதற்குக் கீழே குளிர்ந்துவிடும். இடுக்கு வழியாக வெளிக்காற்று அங்கே போய்ப் பட்டால் வியர்க்கும். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்திய அலமாரியை ஒருநாள் இழுத்துப் பார்த்தால், பலகையின் முதுகில் சாம்பலும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாகப் பூசணம் பூத்திருப்பது இதனால்தான். உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவைக்கும் அதே வாசம் ஏறியிருக்கும். 25, 26-ல் வைத்துச் சீலிங் ஃபேனைச் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதி குறையும். கட்டணமும் குறையும்.

படி 3: எவ்வளவு காற்று தேவை

குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களுக்கான அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு வீடுகளுக்கென்று 62.2 என்ற தரநிலையை வைத்திருக்கிறது. கணக்கு எளிது: தரைப்பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து 0.15-ஆல் பெருக்குங்கள். படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 3.5-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று வரும்.

90 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 970 சதுர அடி, மூன்று படுக்கையறை என்று வையுங்கள். 13.5-உம் 14-உம் சேர்ந்து 27.5 லிட்டர். மணிக்கு 100 கன மீட்டர். மேலே தண்ணீர்க் கணக்குக்கு நான் எடுத்த எண் அங்கிருந்து வந்ததுதான்.

தூங்கும் அறையைத் தனியாகவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்வது அங்கேதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏறக்குறைய 30 கன மீட்டர் காற்று இருக்கும். தூங்கும் ஒருவர் மணிக்கு 12, 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். வெளியே அது 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருக்கிறது, இருவர் தூங்கும் மூடிய அறையில் காலைக்குள் 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். எழுந்ததும் தலை கனக்கிறது, அறை புழுங்கின மாதிரி இருக்கிறது என்பார்களே, அந்த அறைதான். ஆளுக்கு மணிக்கு 25 கன மீட்டர் வெளிக்காற்று கொடுத்தால் அளவு 900-ஐ ஒட்டி நின்றுவிடும். இருவருக்கு 50 போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிலிட் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. சீலிங் ஃபேனும் அப்படியே. "ஏர்கோன் இருக்கே, காற்று வருதே" என்று பலரும் நம்புகிறார்கள். வருவது பழைய காற்று.

படி 4: முதலில் வெளியேற்றுங்கள்

மூன்று வகை வீட்டுக்கும் இது பொது. ஈரமும் புகையும் பிறக்கும் இடத்திலேயே பிடித்து வெளியே அனுப்பினால், மற்ற ஏற்பாடுகள் சிறியதாக இருந்தாலும் சமாளிக்கும்.

குளியலறைக்கு வினாடிக்கு 25 லிட்டர், அதாவது மணிக்கு 90 கன மீட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறி போதும். விசிறியை விட அதன் குழாய் முக்கியம். பல வீடுகளில் விசிறியை மாட்டிவிட்டு, நெளிநெளியான அலுமினியக் குழாயைச் சீலிங் பலகைக்கு மேலே அப்படியே விட்டுவிடுவார்கள். சுடுநீர்க் குளியலின் ஈரமெல்லாம் கூரைக்கடியில் சேரும். சில மாதத்தில் சீலிங்கில் தேநீர் சிந்தின மாதிரி பழுப்பு வளையம் தெரியும். குழாய் வெளிச்சுவர் வரை போய் வெளியே திறக்க வேண்டும். குட்டையாக, வளைவு குறைவாக, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். முனையில் காற்று திரும்பாமல் தடுக்கும் மடிப்பு வேண்டும். குளியலறைக் கதவுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் விசிறி சத்தம்தான் போடும், காற்றை இழுக்காது. ஒரு டிஷ்யூ தாளை விசிறியின் சல்லடை மூடியில் வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

சமையலறைதான் நம் வீடுகளில் பெரிய விஷயம். தாளிப்பு, கருவாடு, சம்பால் வதக்கல் எல்லாம் மூடிய வீட்டில் நடந்தால் படுக்கையறைத் தலையணை வரை போகும். ஆகவே அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹுட்டில், வெளியே குழாய் விடும் வகையையே வாங்குங்கள். கரி ஃபில்டர் வழியாகக் காற்றைத் திருப்பி அறைக்குள்ளேயே விடும் வகை, வாசத்தைச் சற்றுக் குறைக்கும். ஈரத்தையும் எண்ணெய்ப் புகையையும் வெளியே கொண்டுபோகாது. கடையில் மணிக்கு 1500 கன மீட்டர் இழுக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் வீடு முழுவதற்கும் தேவையான காற்றைப் போல் அது பதினைந்து மடங்கு. இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அதை ஓட்டினால் குளியலறை வடிகால் வழியாகவும் காற்றை உறிஞ்சும், நாற்றத்தோடு. ஹுட் ஓடும்போது பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பின்னால் கதவு வைத்து, தாளிப்பும் வறுவலும் செய்யும் வெட் கிச்சனைப் பிரிக்க இடம் இருந்தால், அதுவே வாங்கக்கூடிய எந்த இயந்திரத்தையும் விட நல்லது.

சாமி அறையை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஊதுபத்தியும் சாம்பிராணியும் நுண்துகளை அள்ளி வீசுகிறவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வீட்டில் தூபம் போட்டுவிட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானைப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்த அறையை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, உயரத்தில் ஒரு சிறு ஜன்னலோ ஒரு சிறு விசிறியோ கொடுங்கள்.

படி 5: திறந்திருக்கும் நேரத்துக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள்

1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள், அதாவது வரைபடக்காரர்கள் யு.பி.பி.எல். என்று சொல்வது, குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு ஜன்னலும், 5 விழுக்காடு அளவுக்குத் தடையில்லாத காற்று வழியும் கேட்கிறது. அது குறைந்தபட்சம். அந்தக் கணக்கு தாளில் நிறைவேறிவிடும்; ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் காற்று ஓடாது. காற்று உள்ளே வர ஒரு வாய், வெளியே போக இன்னொரு வாய் வேண்டும். இரண்டும் எதிரெதிரோ குறுக்காகவோ இருக்க வேண்டும். கதவு மூடியிருந்தாலும் காற்று போக, கதவுக்கு மேலே திறக்கும் பலகணி வையுங்கள்.

தெரஸ் வீட்டின் நடு அறை என்றைக்கும் பிரச்சினைதான். முன்னும் பின்னும் ஜன்னல், நடுவில் இருட்டு. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் போய்ப் பாருங்கள். அவை தெரஸை விட நீளம். ஆனால் நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்துச் சூட்டை மேலே அனுப்பினார்கள். சின்ன மனையில் ஒரு முழு முற்றத்துக்கு இடம் இருக்காது. மாடிப்படிக்கு மேலே பக்கவாட்டில் சட்டங்கள் வைத்த சிறு கூரை உயர்த்தினாலும் அந்த வேலையில் ஒரு பங்கு நடக்கும். கட்டி முடித்தபின் செய்ய முடியாத வேலை இது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேளுங்கள்.

ஜன்னல் வகையைக் கவனியுங்கள். நழுவும் ஜன்னல் பாதிதான் திறக்கும். வெளியே தள்ளித் திறப்பது முழுதும் திறக்கும், மூடினால் இறுக்கமாகவும் நிற்கும். சிக்கன வீட்டுக்கு அதுவே பொருத்தம். பட்டை பட்டையாகச் சாய்ந்து திறக்கும் நாக்கோ கண்ணாடி காற்றுக்கு அருமை, ஆனால் ஏர்கோன் அறைக்கு ஓட்டை வாளி. கொசுவலை கட்டாயம், ஏடிஸ் கொசு இருக்கும் ஊரில் இதில் சமாதானம் கிடையாது. வலை காற்றில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும் என்பதால் திறப்பை அந்த அளவுக்குப் பெரிதாக்கிக் கேளுங்கள்.

எந்த நேரத்தில் திறப்பது என்பதிலும் நம் பழக்கம் தலைகீழாக இருக்கிறது. ஜொகூர் பாருவில் தெரஸ் வீடுகளில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, பகலில் மூடி இரவில் திறந்த வீடு பகல் உச்ச வெப்பத்தில் சராசரியாக 2.5 டிகிரி குறைவாக இருந்ததைக் காட்டியது. செங்கல்லும் கான்கிரீட்டும் இரவில் ஆறி, பகலில் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. நாமோ காலை பத்து மணிக்கு "காற்று வரட்டும்" என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டு, இரவு பூட்டிக்கொள்கிறோம். இரவில் திறக்க வேண்டுமானால் கம்பிக் கிரில்லும் அகலமான சன்ஷேடும் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை, ஜன்னலுக்கு நேராகத்தான் அடிக்கும்.

சீலிங் ஃபேன் டி.சி. மோட்டார் வகையாக வாங்குங்கள். பழைய வகை 70 வாட் எடுக்கும் இடத்தில் அது 30, 35-ல் ஓடும். கூரைமேல் சுழலும் டர்பைன் பற்றிக் கேட்பார்கள். கூரைக்கடியில் ராக்வூல் சரியாக இருந்தால் அதற்கு அவசரமில்லை.

படி 6: இரவில் மூடும் அறைக்கு

இரண்டாவது வகை வீடு என்றால் உங்கள் முடிவு இங்கேதான் இருக்கிறது. வழிகள் சில உண்டு.

மிகவும் எளியது, அறைக்கதவின் அடியில் இடைவெளி விட்டு, கூடத்து ஜன்னலைத் திறந்து வைப்பது. காசு செலவில்லை. ஆனால் எவ்வளவு காற்று வருகிறது என்று கையில் பிடிக்க முடியாது.

அடுத்து, அறையை ஒட்டிய குளியலறை விசிறியை இரவு முழுக்க ஓட விடுவது. பலரும் சொல்லித் தரும் வழி. நான் வேண்டாம் என்பேன். அந்த விசிறி அறைக்காற்றை வெளியே இழுக்க, அதற்கு ஈடாக வெளியே உள்ள ஈரக்காற்று சுவர் இடுக்கு, பிளக் பாயிண்ட், ஜன்னல் ஓரம் என்று கண்ட வழியில் நுழையும். குளிர்ந்த அலமாரியின் முதுகை முதலில் தொடுவது அதுதான். வெளிச்சுவரின் உட்பக்கம் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால், தாளுக்குப் பின்னால் பூசணம் மறைந்தே வளரும். நம் சீதோஷ்ணத்தில் அறையிலிருந்து உறிஞ்சுவதை விட, அறைக்குள் தள்ளுவதே நல்லது.

ஆகவே என் தேர்வு: ஃபில்டர் வைத்த ஒரு சிறு உள்விசிறி. வெளிச்சுவரில் நான்கு அங்குலத் துளை, மழை படாத மூடி, கழற்றி மாற்றக்கூடிய நுண்துகள் ஃபில்டர், வேகத்தைக் குறைக்கும் சுவிட்ச். மணிக்கு 50 கன மீட்டர் மெதுவாகத் தள்ளினால் போதும். காற்று வந்து விழும் இடத்தை ஏர்கோன் காற்றை உறிஞ்சும் மேல்பக்கத்துக்கு அருகில் வையுங்கள். உள்ளே வந்த ஈரம் நேராகக் குளிர்ச்சுருளுக்குப் போய் வடிந்துவிடும். கண்ணாடி மேலோ அலமாரி மேலோ அடிக்கும்படி வைத்தால் வியர்க்கும்.

செராமிக் உருளை வைத்து ஒரு நிமிடம் உள்ளே, ஒரு நிமிடம் வெளியே என்று மாறி மாறி ஊதும் சுவர்க்கருவிகளும் விற்கிறார்கள். குளிர் நாட்டில் வெப்பத்தைக் காக்க வந்தவை. நமக்குச் சிக்கல் வெப்பத்தை விட ஈரம். அதில் அவை கொடுக்கும் உதவி குறைவு.

ஏர்கோனின் அளவிலும் கவனம் தேவை. சிறிய அறைக்கு 1.5 குதிரைசக்தி போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும். ஈரம் இறங்க நேரமிருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு குதிரைசக்தி இன்வெர்ட்டர், மெதுவாக நெடுநேரம் ஓடட்டும்.

படி 7: நாள் முழுக்க மூடும் வீடு என்றால் இ.ஆர்.வி.

வெளியே போகும் காற்றும் உள்ளே வரும் காற்றும் ஒரு மெல்லிய சுவரின் இரு பக்கமும் போக, வெப்பமும் ஈரமும் கைமாறும் கருவி இது. எச்.ஆர்.வி. என்பது வெப்பத்தை மட்டும் மாற்றும். நம் ஊருக்கு அது வேண்டாம். கடைக்காரர் சொல்லும் "80 விழுக்காடு" எதைப் பற்றியது என்று கேளுங்கள். வெப்பநிலைக்கான எண் எப்போதும் அழகாக இருக்கும். ஈரத்துக்கான எண் தனியாக இருக்கும், குறைவாக இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டணம் மிச்சம் என்ற பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்றின் சூட்டையும் ஈரத்தையும் நீக்க ஏறக்குறைய 760 வாட் குளிர்ச்சி வேண்டும். நல்ல இன்வெர்ட்டர் ஏர்கோன் அதை 200 வாட் மின்சாரத்தில் செய்யும். இ.ஆர்.வி. அதில் 60 விழுக்காட்டைக் காப்பாற்றினால் 120 வாட் மிச்சம். ஆனால் அதன் இரண்டு விசிறிகளும் 40, 50 வாட் எடுக்கும். கையில் நிற்பது 70, 80 வாட். 24 மணி நேரமும் ஓடி, யூனிட் 50 சென் என்று வைத்தாலும் மாதம் 25, 30 வெள்ளி. குழாயோடு மாட்ட ஆயிரக்கணக்கில் செலவாகும் கருவிக்கு இது ஈடாகாது. வீடு காய்ந்திருக்கும், வடிகட்டிய காற்று வரும், ஜன்னல் திறக்காமலே வாழலாம் என்ற காரணங்களுக்காக வாங்குங்கள். அவை உண்மையான காரணங்கள்தான். ஏர்கோன் ஓடாத வீட்டில் இ.ஆர்.வி. காப்பதற்கு ஒன்றுமே இல்லை. அது ஈரத்தை உறிஞ்சி நீக்கும் கருவி அல்ல.

வாங்குவதாக முடிவானால்: குளியலறைக் காற்றை அதன் வழியாக விடாதீர்கள், ஈரம் கைமாறி வீட்டுக்கே திரும்பும், குளியலறைக்குத் தனி விசிறி. கூரைக்கடியில் போகும் குழாய்களுக்கு நல்ல உறை வேண்டும். காற்றை எடுக்கும் வாய், கார் நிற்கும் இடம், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய், ஹுட்டின் முனை, பக்கத்து வீட்டு ஏர்கோனின் வெளிப்பெட்டி ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். தெலுக் கும்பார், தஞ்சோங் பூங்கா பக்கம் கடலை ஒட்டிய வீடென்றால் வெளிமூடி இரும்பாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட, ஃபில்டரை யார் எப்படிக் கழற்றுவது என்று மாட்டுவதற்கு முன் செய்து காட்டச் சொல்லுங்கள். சீலிங்கில் கை நுழையாத துளை வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. உள்ளே காகித மையம் இருந்தால் அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது என்பதையும் உதவிக்கு வரும் அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

படி 8: புகைமூட்டத்துக்கு ஒரு சுவிட்ச்

1997, 2005, 2013, 2015, 2019: இந்த ஆண்டுகளை இங்கே வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐ.பி.யு. 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 200-ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் ஆபத்து. 2005-ல் போர்ட் கிள்ளானிலும் 2013-ல் மூவாரிலும் 500-ஐத் தாண்டி அவசரநிலையே அறிவித்தார்கள்.

எந்த ஏற்பாடு செய்தாலும், உள்ளே வரும் காற்றை நிறுத்தவும் குறைக்கவும் ஒரு சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உள்விசிறிக்கும் இ.ஆர்.வி.க்கும் நுண்துகளைப் பிடிக்கும் எஃப்7 தர ஃபில்டராவது போடுங்கள். அந்த நாட்களில் தூங்கும் அறையில் ஒரு ஹெப்பா சுத்திகரிப்பானும் சேர்ந்து ஓடட்டும். புகை முடிந்ததும் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும்; ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், புகை வந்த வாரத்தில் கடையில் இருக்காது.

படி 9: பூச்சு வேலைக்கு முன் துளை

இப்போது காசு இல்லை, பிறகு பார்க்கலாம் என்கிறவர்களுக்கும் இந்தப் படி உண்டு. ஒவ்வொரு படுக்கையறையின் வெளிச்சுவரிலும் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை வெளிப்பக்கம் சரிவாகப் பதித்து, இரு முனையும் மூடி, பக்கத்தில் ஒரு மின்முனை விடச் சொல்லுங்கள். இன்றைக்கு இது சொற்பச் செலவு. நாளைக்கு டைல்ஸும் பெயிண்டும் முடிந்த சுவரைத் துளைத்தால் தூசும் செலவும் வேறு. பீம், தூண் பக்கம் யாரும் துளை போடக் கூடாது. பொறியாளர் குறித்துக் கொடுக்கட்டும்.

மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடு என்றால், சாவி கிடைத்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்து தரும் காலம் ஓடும். அதற்குள் நீங்களே சுவரைக் குடைந்தால், பிறகு வரும் கசிவுக்கு உங்களையே கைகாட்டுவார்கள். ஜன்னலையோ கூரையையோ மாற்றுவதென்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திடமும், பட்டர்வொர்த், பத்து காவான் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் முதலில் கேளுங்கள். கொண்டோவில் வெளிச்சுவர் உங்களுடையது அல்ல. நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும்.

விலைப்புள்ளி வாங்கும்போது ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: வேலை முடிந்ததும் ஒவ்வொரு சல்லடையிலும் வரும் காற்றை அளந்து எழுதித் தர வேண்டும். அதற்குத் தயங்குகிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

படி 10: குடிபுகுந்தபின்

புது வீட்டில் கான்கிரீட்டும் பூச்சும் இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும்; ஒட்டுப்பலகை அலமாரிகள் கண் எரியும் வாசம் விடும். முதல் சில மாதங்கள் தாராளமாகத் திறந்து விடுங்கள், அலமாரிக் கதவுகளையும் சேர்த்து. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பெயிண்ட் அடித்துவிட்டு, அன்றிரவே குழந்தைகளை ஏர்கோன் அறையில் தூங்க வைப்பதை மட்டும் தவிருங்கள்.

இரண்டு வகைச் சிறு கருவி வாங்குங்கள்: ஈரப்பதமானி இரண்டு, கார்பன் டை ஆக்சைடு மானி ஒன்று. பின்னது அகச்சிவப்புக் கதிரால் அந்த வாயுவையே நேராக அளக்கும் என்.டி.ஐ.ஆர். உணரி உள்ளதாக இருக்கட்டும். மலிவான சில கருவிகள் வேறு வாயுவை அளந்து ஊகித்துச் சொல்பவை. ஒரு ஈரப்பதமானியைக் கட்டிலின் தலைமாட்டிலும், இன்னொன்றை அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலும் வையுங்கள். தலைமாட்டில் 60 காட்டி, அலமாரிக்குப் பின்னால் 75-ஐத் தாண்டினால் அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தி, ஏர்கோனை ஒரு டிகிரி ஏற்றுங்கள். இரண்டுமே 70-க்கு மேல் என்றால் காற்று அதிகமாக வருகிறது, அல்லது ஏர்கோன் அளவில் பெரிது. உள்விசிறியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஈரம் சரியாக இருந்து, காலையில் கார்பன் டை ஆக்சைடு 1200-க்கு மேல் நின்றால் வேகத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் விட்டு அடுத்ததைச் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்றையும் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது.